ஆம்பூர், வாணியம்பாடி கழிவுநீர் ஊழியர்களுக்கு ஒரு பாட்காஸ்ட்: ஏன் தேவை? யார் பேசுவார்கள்? சட்டம் என்ன சொல்கிறது?

பாலாறு வழக்கில் 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பலருக்கும் நினைவிருக்கும். தோல் கழிவால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டைத் தமிழக அரசு 6 வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்தப் பணத்தை மாசு செய்த ஆலைகளிடமிருந்து அரசு வசூலிக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. அதில் அரசுச் செயலாளர்கள், சுற்றுச்சூழல் நிபுணர்கள், பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு தரப்பை நேரடியாகச் சொல்லவில்லை. தோல் ஆலையிலும் பொது சுத்திகரிப்பு நிலையத்திலும் ராத்திரி ஷிஃப்டில் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிறவர், தண்ணீர் மாதிரி எடுத்து லேப்பில் சோதிக்கிறவர், தொட்டியில் சேறு எவ்வளவு ஏறியிருக்கு என்று எட்டிப் பார்க்கிறவர். பாலாற்றுக்குள் என்ன போகிறது, எது போகவில்லை என்பது முதலில் தெரிவது இவர்களுக்குத்தான்.

இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஒரு பாட்காஸ்ட் தொடங்கினால் எப்படி இருக்கும்? கேட்க சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை தோல் வட்டாரத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. எப்படின்னு பார்க்கலாம்.

30 வருஷமா பேசினவங்க யார்?

இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றப் படியேறியது 1991-ல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு கொடுத்த தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். 'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அதுதான். தோல் ஆலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற ஆய்வுத் தகவலும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் ஒரு கணக்கு சொன்னது. 547 ஆலைகள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், மொத்த இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க, தலைக்கு 9,200 ரூபாய்கூட வராது. அந்தத் தொகையும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை என்பதால்தான் 2025-ல் மறுபடியும் 'கொடுங்கள்' என்று உத்தரவு போட வேண்டி வந்தது.

இத்தனை வருஷத்தில் குவிந்த மனுக்கள், பிரமாணப் பத்திரங்கள், ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். படித்தவர்கள் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அதிகாரிகளும். ஊருக்குள் விவசாயிகள் பேசினார்கள், ஆலை அதிபர்கள் சங்கம் பேசியது, சூழல் ஆர்வலர்கள் பேசினார்கள். மழை பெய்து பாலாற்றில் தண்ணீர் வந்தால், ஆம்பூர் பக்கம் மாராப்பட்டில் வெள்ளை நுரை பொங்குகிற வீடியோ நம்ம போனுக்கு வந்துவிடும். 20 விநாடி வீடியோ. பார்த்தவுடனே கோபம் வரும். அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம். அந்த நுரை எதனால் வருது, எந்த இடத்தில் எந்த நேரத்தில் மாதிரி எடுத்திருந்தால் அதை நிரூபிக்கலாம் என்பதை அந்த வீடியோ சொல்லாது. சொல்லத் தெரிந்தவர்கள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

இந்த 'சுற்றுச்சூழல் ஊழியர்கள்' யார்?

சுற்றுச்சூழல் நிபுணர் என்றதும் கோட் போட்டு மாநாட்டில் பேசுகிறவர்தான் நமக்கு ஞாபகம் வருவார். ஆம்பூர், வாணியம்பாடியில் அப்படி இல்லை. இங்கே பல ஆலைகள் சேர்ந்து நடத்தும் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆம்பூரில் ஆம்பூர்டெக், வாணியம்பாடியில் வானிடெக், மேல்விஷாரத்தில் விஷ்டெக், ராணிப்பேட்டையில் ரானிடெக் என்று ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான பெயர்கள். இவற்றில் வேலை பார்க்கும் ஆபரேட்டர்கள், கெமிஸ்ட்டுகள், ஃபிட்டர்கள். ஆலைக்குள்ளேயே முதல்கட்ட சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர்கள். அனுமதி புதுப்பிக்க விண்ணப்பம் தயாரிக்கும் கன்சல்டன்ட்டுகள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இளம் பொறியாளர்கள். குடிநீர் வடிகால் வாரிய லேப் ஆட்கள், வேளாண் அலுவலர்கள், போர்வெல் தண்ணீரைச் சோதித்துக் கொடுப்பவர்கள்.

ஒருத்தரை ஒருத்தர் சந்திக்கிறார்கள்தான். எப்போ? சோதனைக்கு வரும்போது, நோட்டீஸ் கொடுக்கும்போது, விபத்து நடந்த பிறகு. அதாவது ஒருத்தர் கேள்வி கேட்கிற நிலையிலும் இன்னொருத்தர் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளும் நிலையிலும். அந்தச் சந்திப்பில் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்கு 1975-லிருந்தே ஒரு தேசிய சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்துக்கென்று பாட்காஸ்ட்டும் வருகிறது. வேலை எப்படிக் கிடைத்தது, ஒரு அறிக்கையை எப்படி எழுதுவது, எதில் சறுக்கினோம் என்று துறைக்குள்ளே இருப்பவர்களே பேசிக்கொள்வார்கள். அதை அப்படியே இங்கே நகல் எடுத்தால் வேலைக்கு ஆகாது. அங்கே பேசுகிறவர்களுக்குப் பெயரைச் சொல்வது பெருமை. இங்கே பெயரைச் சொன்னால் வேலை போகலாம். அதுக்குப் பிறகு வருவோம்.

முதல் எபிசோடு எதைப் பற்றி?

நம்ம கருத்து: தொட்டியில் உருவாகும் விஷவாயு. நீதிமன்றம், நதி, கொள்கை எல்லாம் இரண்டாவதுதான்.

காரணம் சொல்கிறோம். தோலிலிருந்து முடியை நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர் காரத்தன்மையோடு இருக்கிற வரைக்கும் சல்ஃபைடு தண்ணீரிலேயே கிடக்கும். அடுத்தடுத்த கட்டத்தில் தோலை அமிலத்தில் ஊறவைத்து குரோமியத்தில் பதனிடுவார்கள். அந்தக் கழிவுநீர் அமிலத்தன்மை உள்ளது. இந்த இரண்டும் ஒரே தொட்டியிலோ ஒரே குழாயிலோ கலந்தால்? காரம் குறையும், சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாறி மேலே வரும். அழுகிய முட்டை வாசனை என்று பள்ளியில் படித்திருப்போமே, அதே வாயுதான்.

இதில் ஒரு விபரீதம் இருக்கு. குறைந்த அளவில் இருக்கும்போது நாற்றம் அடிக்கும். அளவு 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்துப்போய்விடும், நாற்றமே தெரியாது. 'வாசனை போயிடுச்சு, இறங்கலாம்' என்று ஒருத்தர் நினைக்கும் நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். சேற்றைக் கிளறினால் அதில் அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். மேலே நின்று பார்க்கும்போது ஒன்றும் தெரியாது.

முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இரண்டாமவர் குதிப்பார். இருவரையும் காப்பாற்ற மூன்றாமவர். கழிவுநீர்த் தொட்டி மரணச் செய்திகளில் பெரும்பாலும் இரண்டு, மூன்று பேர் என்று எண்ணிக்கை வருவதற்குக் காரணம் இதுதான்.

2025 பிப்ரவரி 2-ம் தேதி கொல்கத்தாவின் பான்தலா தோல் வளாகத்தில் பாதாள சாக்கடைக்குள் இறங்கிய 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். தேதியைக் கவனியுங்கள். பாலாறு தீர்ப்பு வந்து மூன்றே நாள். கொல்கத்தா உட்பட 6 பெருநகரங்களில் மனிதர்கள் சாக்கடையில் இறங்கிச் சுத்தம் செய்வதை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஜனவரி 29-ல். உத்தரவு வந்த அந்த வாரத்திலேயே மூன்று உயிர் போய்விட்டது. உத்தரவுக் காகிதம் தொட்டி விளிம்பு வரைக்கும் வரவில்லை.

தொட்டி விளிம்பில் நிற்கிறவர் காதில் விழ வேண்டியது நாலே விஷயம். வாயு அளக்கும் மீட்டர் இல்லாமல் இறங்காதே. இறங்குவதற்கு முன்னாடியும் இறங்கியிருக்கும்போதும் காற்று ஊதிக்கொண்டே இரு. இடுப்புக் கயிறும் மேலே ஆளும் இல்லாமல் இறங்காதே. உள்ளே ஒருத்தர் விழுந்துட்டா நீ குதிக்காதே, 112-க்கு போன் போடு. இதைப் போஸ்டராக ஒட்டலாம், ஒட்டியும் இருக்கலாம். ஆனா பதினைந்து வருஷம் அதே தொட்டியில் வேலை பார்த்த ஒரு ஆபரேட்டர், தன் குரலில், 'அன்னைக்கு நான் ஏன் இறங்கலைன்னா' என்று சொல்லிக் கேட்பது வேறு.

2015 ஜனவரி 31 அதிகாலை என்ன நடந்தது?

ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில், தோல் ஆலைகளுக்கான ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் ரசாயனச் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

ஒரு தொட்டியின் சுவர் ஒரே ராத்திரியில் பலவீனமாவதில்லை. எவ்வளவு தேக்கலாம், எவ்வளவு தேங்கியிருக்கு, கசிவு உண்டா என்பதெல்லாம் தினமும் பார்க்க வேண்டிய விஷயங்கள். விபத்துக்குப் பிறகு என்ன மாறியது, மற்ற நிலையங்கள் தங்கள் தொட்டிகளை எப்படிச் சோதித்தன, சேற்றை இப்போ எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்? இதை ஒரு ஊர் பொறியாளர் இன்னொரு ஊர் பொறியாளரிடம் கேட்டால் அரை மணி நேரத்தில் உருப்படியான பதில் கிடைக்கும்.

ராணிப்பேட்டைக்கு இன்னொரு கதையும் உண்டு. மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுவிட்டுப் போன குரோமியக் கழிவு மலை. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் என்று கணக்கு. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசடைந்த 10 இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டை வந்தது. செர்னோபிலும் அதே பட்டியலில் இருந்தது. இதுக்கே ஒரு தனித் தொடர் போடலாம்.

உப்பு எங்கே போகிறது?

இரண்டாவது எபிசோடுக்கு நம்ம சாய்ஸ் உப்பு. குரோமியம் பற்றி எல்லாரும் பேசுவார்கள். விவசாயியைக் கேட்டால் அவர் முதலில் சொல்வது உப்பைத்தான். கிணற்றுத் தண்ணீர் கரிக்குது, தென்னை காய்க்கல என்பார்.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் ஆலைக்கு வரும். தோல் எடையில் சுமார் 40 சதவீதம் அளவுக்கு உப்பு போடுவது வழக்கம். ஆலையில் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. மொத்த உப்பும் தண்ணீரில் கரைந்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்களை வைத்து அழுக்கைத் தின்ன வைக்கலாம், நாற்றத்தைக் குறைக்கலாம், குரோமியத்தைச் சேறாகப் பிரிக்கலாம். கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. தெளிவாக, நிறமில்லாமல் வெளியே வரும் தண்ணீரும் கரிக்கும்.

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆலைக் கழிவுநீருக்கு வகுத்த அளவு 2,100. இந்த அளவுக்குக் கொண்டுவர முடியாததால்தான் 'ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது' என்ற ஏற்பாடு வந்தது. கழிவுநீரை ஆர்.ஓ. மெம்ப்ரேனில் அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து ஆலைக்கே திருப்பி அனுப்புவது, மிஞ்சும் கடும் உப்புநீரைக் கொதிகலனில் ஆவியாக்கி உப்பாக எடுப்பது.

காகிதத்தில் ரொம்ப அழகான திட்டம். நடைமுறையில் மெம்ப்ரேன் அடைக்கும், ஆவியாக்கும் குழாய்களில் படிவு ஏறும், எரிபொருள் செலவு எகிறும். கடைசியில் கிடைக்கும் உப்பும் சுத்தமான உப்பு இல்லை, பலவகை உப்புகளின் கலவை. வாங்க ஆள் இல்லை, கொட்ட இடம் இல்லை, மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த ஷெட்டுக் கூரை ஒழுகினால்? உப்பு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும்.

திருப்பூர் சாயப்பட்டறைகள் பட்டதும் இதே பாடுதான். நொய்யல் வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, அங்கே உப்புக் கரைசலையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் முறைகளில் நிறைய முயற்சி நடந்தது. திருப்பூர் ஆபரேட்டருக்குத் தெரிந்தது திருப்பத்தூர் ஆபரேட்டருக்குத் தெரியுமா? கான்பூர் ஜாஜ்மாவ் தோல் ஆலைக்காரருக்கு? ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பைத் தனியாக எடுத்துவிட்டால் எவ்வளவு குறையும் என்று சொல்ல சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948-லிருந்து இருக்கிற நிறுவனம். அவர்கள் ஆய்வுக் கட்டுரையை ஷிஃப்ட் ஆபரேட்டர் படிக்கப்போவதில்லை. அதே விஞ்ஞானி 15 நிமிஷம் தமிழில் பேசினால், பஸ்ஸில் போகும்போது கேட்டுவிடுவார்.

சரி, ஏன் பாட்காஸ்ட்? ரேடியோ தொடங்கலாமே?

நல்ல கேள்வி. ராமேஸ்வரம் தீவில் பாம்பனில் 2016-லிருந்து 'கடல் ஓசை 90.4' என்ற சமுதாய வானொலி இருக்கிறது. மீனவர்களே மீனவர்களுக்காகப் பேசும் நிலையம். காற்று, அலை, பவளப்பாறை, பருவநிலை மாற்றம் என்று அங்கே பேசுகிறார்கள். தொழில் செய்கிறவர் வாயால் சூழல் விஷயத்தைச் சொல்ல வைக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இருக்கும் நல்ல உதாரணம். தோல் வட்டாரம் அங்கே போய்க் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆனா சமுதாய வானொலிக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். தனி ஆள் வாங்க முடியாது. லாப நோக்கமில்லாத அமைப்பு, கல்வி நிறுவனம், வேளாண் அறிவியல் மையம் மாதிரி இடங்களுக்குத்தான் தருவார்கள். சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் கேட்கும்படி குறைந்த சக்தியில்தான் ஒலிபரப்ப வேண்டும். எல்லாத்துக்கும் மேல, சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பத் தடை. அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே போடலாம், அவ்வளவுதான். பாலாற்றில் நேற்று என்ன நடந்தது என்று சமுதாய வானொலி சொன்னால் அது செய்தியா, விழிப்புணர்வா? இந்தக் குழப்பத்திலேயே பல நிலையங்கள் கோலம், சமையல் பக்கம் ஒதுங்கிவிடும்.

பாட்காஸ்ட்டுக்கு அலைவரிசை வேண்டாம், உரிமமும் வேண்டாம். ஒலிப்பதிவு செய்த கோப்பை இணையத்தில் ஏற்றுகிறீர்கள். கேட்கிறவர் நினைத்த நேரத்தில் கேட்கிறார். ஒரு சுவாரசியம்: இந்தியாவின் முதல் கல்லூரி வளாக சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். சென்னையில் தொடங்கியது 2004 பிப்ரவரி 1-ல். 'பாட்காஸ்ட்' என்ற சொல்லை பிரிட்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தியாளர் முதன்முதலாகப் போட்டதும் அதே 2004 பிப்ரவரியில்தான்.

இங்கே ஆப் டவுன்லோடு பண்ணிக் கேட்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் கேட்பார்கள். பேச்சு மட்டும் என்பதால் 64 கேபிபிஎஸ் மோனோ போதும், 20 நிமிஷ எபிசோடு 10 எம்பிக்குள் அடங்கிவிடும். ஃபார்வர்டு ஆகிற அளவுதான். பின்னணியில் இளையராஜா பாட்டு மட்டும் வேண்டாம், காப்புரிமைப் பிரச்சினை வரும்.

யார் பேசுவார்கள்? பேசினால் என்ன ஆகும்?

இதுதான் கஷ்டமான பகுதி. ஆலையில் சம்பளம் வாங்குகிற ஒருத்தர் ஆலைக் கழிவைப் பற்றிப் பேசுவாரா?

சட்டப் பாதுகாப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முறைகேட்டை வெளியே சொல்பவர்களைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது, அமலுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அது அரசு ஊழியர்களின் ஊழலைப் பற்றிப் புகார் சொல்பவர்களுக்கானது. தனியார் ஆலை ஊழியருக்கு அதில் ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கம் அவதூறு வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 356-ம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சொன்னது உண்மை, பொதுநலனுக்காகச் சொன்னது என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். நிரூபிக்கிற வரைக்கும் கோர்ட்டுக்கு அலைய வேண்டியது பேசியவர்தான்.

'குரலை மாற்றிப் போடலாமே' என்று சிலர் சொல்வார்கள். சென்னையில் அது சரிப்படலாம். ஆம்பூரில்? குரலை எவ்வளவு மாற்றினாலும், 'ரெண்டாவது ஷிஃப்ட், ரெண்டு பம்ப், போன மாசம் மோட்டார் எரிஞ்சது' என்று சொன்ன அடுத்த நிமிஷமே யார்னு கண்டுபிடித்துவிடுவார்கள். சின்ன ஊர், ஒரே தொழில்.

அதனால் இந்தப் பாட்காஸ்ட் 'யார் செய்தது' என்பதைவிட 'எப்படிச் செய்வது' என்பதை மையமாக வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது. யாரையும் கைகாட்டாமல், 'காரக் கழிவும் அமிலக் கழிவும் கலக்காமல் இருக்க குழாயை எப்படிப் பிரிக்கணும்' என்று ஒருத்தர் விளக்கினால் எந்த முதலாளியும் வழக்குப் போட மாட்டார். கேட்கிற ஒவ்வொருத்தரும் தன் ஆலையில் அந்தக் குழாய் எப்படி இருக்கு என்று போய்ப் பார்ப்பார். சொல்ல முடியாத விஷயத்தைக் கடிதமாக எழுதி அனுப்பலாம், வேறொருத்தர் அடையாளம் நீக்கி வாசிக்கலாம். ஓய்வுபெற்றவர்கள் இன்னும் தாராளமாகப் பேசலாம், வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்களும் சேர்த்து.

இதைச் சொன்னதும் ஒரு ஆட்சேபம் வரும். பெயர் சொல்லாத பேச்சு ஆலைகளுக்கு வசதிதானே? ஓரளவு உண்மைதான். ஆனா பெயர் சொல்ல வேண்டிய வேலைக்கு ஆவணங்கள் இருக்கின்றன. 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-ம் பிரிவுப்படி, எந்த ஆலைக்கு என்ன நிபந்தனையோடு அனுமதி கொடுத்தோம் என்ற பதிவேட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்க வேண்டும், அந்த ஆலையின் கழிவால் பாதிக்கப்படுபவர் அதைப் பார்வையிடலாம். வாரியத்தின் மாவட்ட அலுவலகம் வாணியம்பாடியிலேயே இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தாலும், நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாக, சரியாகச் சொல்வது அவமதிப்பு ஆகாது என்று 1971-ம் ஆண்டு சட்டமே சொல்கிறது. ஆபரேட்டர் பேச முடியாததை ஆவணத்தை வைத்து நிகழ்ச்சி நடத்துகிறவர் பேசலாம். அதற்குப் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஒரு ஆள் வேண்டும். மைக்கைவிட இந்த ஆள்தான் முக்கியம்.

பணம் யார் போடுவது?

ஆலை அதிபர்கள் சங்கம் ஸ்பான்சர் பண்ணினால் விவசாயி நம்ப மாட்டார். ஆலைகளுக்கு எதிராக வழக்கு நடத்தும் அமைப்பு பணம் போட்டால் ஆபரேட்டர் வாயைத் திறக்க மாட்டார். கல்லூரி ஒன்றின் சுற்றுச்சூழல் துறையோ, பொறியாளர்கள் சங்கமோ ஏற்று நடத்துவது ஓரளவு நடுநிலையாக இருக்கும். நல்ல போன், காலரில் மாட்டும் ஒரு மைக், சத்தமில்லாத அறை, ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். யார் பணம் போடுகிறார்கள் என்பதை ஒவ்வொரு எபிசோடிலும் முதல் அரை நிமிஷத்தில் சொல்லிவிட வேண்டும்.

எந்த மொழியில்?

தமிழ் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனா ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். ஆலை நிர்வாகத்திலும் சூப்பர்வைசர்களிலும் பலர் அவர்கள்தான். எல்லைப் பக்கம் தெலுங்கு. பச்சைத் தோலையும் சேற்றையும் கையால் தொடும் வேலைக்கு இப்போ நிறைய வருவது வட மாநிலத்தவர்கள்.

எல்லா எபிசோடையும் நாலு மொழியில் போட யாராலும் முடியாது. வழக்கு, உப்பு, இழப்பீடு பற்றியதெல்லாம் தமிழில் இருக்கட்டும், முடிந்தால் உருதுவில் ஒரு சுருக்கம். விஷவாயு பற்றிய அந்த முதல் எபிசோடு மட்டும் இந்தியிலும் வங்காளத்திலும் ஐந்து நிமிஷமாவது இருந்தே ஆக வேண்டும். 2015-ல் ராணிப்பேட்டையில் இறந்த அந்தப் பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் தாய்மொழி இல்லை.